பாக்கெட் வடிவத்தில் ஒரு நுரையீரல்

1

இந்தக் கதையை ஏற்கெனவே ஒருமுறை சொல்லிவிட்டேன். பொய்யாகச் சொன்னேன்.

சனிக்கிழமை சாயங்காலங்களில் நூலகத்தின் கீழ்த்தளத்தில் முப்பது நாற்காலி போட்டு நான் கதை சொல்வது உங்களில் சிலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு: வயது எழுபத்தொன்று. தொழில், பள்ளிக்கூடப் பை தைப்பது. துணிக்கு அடியில் விரிக்கும் பழைய செய்தித்தாளில் எழுத்துக் கூட்டிப் படித்தவள். வேறு படிப்பு இல்லை.

அன்றைக்கு என் தங்கையின் கதையைச் சொன்னேன். அவள் நுரையீரலில் வெகுநாளாக இருந்த தழும்புக்குள் புற்று முளைத்ததையும், அது எட்டு மாதம் தாமதமாகத் தெரியவந்ததையும் சொன்னேன். தாமதத்துக்கு ஒரு ஆள் வேண்டுமே? ஒரு டாக்டரைப் படைத்தேன். வழுக்கைத் தலை. காதில் எந்நேரமும் போன். படத்தை ஒரு நொடி தூக்கிப் பார்த்துவிட்டு, "பழைய தழும்பு, போங்க போங்க" என்று கையை வீசுகிறவர். கூட்டம் உச்சுக் கொட்டியது. எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. வில்லன் நன்றாக அமைந்துவிட்டால் கதை சொல்கிறவளுக்குப் பாதி வேலை மிச்சம்.

முடிந்ததும் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"அந்த டாக்டர் மேம்பாலத்துக்குக் கீழ இருக்கிற நெஞ்சு ஆஸ்பத்திரியாம்மா? எங்க வீட்டுக்காரருக்கும் நெஞ்சுல தழும்பு. அடுத்த வாரம் அங்கதான் ஸ்கேன். நல்லவேளை சொன்னீங்க. போகவேணாம்னு சொல்லிடறேன்."

"ஐயையோ, அங்க இல்லம்மா. அவரைப் போகச் சொல்லு."

"அப்ப எந்த ஆஸ்பத்திரி?"

எந்த ஆஸ்பத்திரியும் இல்லை. அப்படி ஒரு டாக்டரே இல்லை. அதை அவளிடம் சொன்னேன். பாதி நம்பினாள், பாதி நம்பவில்லை.

கடைசி வரிசையில் என் தங்கையும் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போது அவளுடைய ஆபரேஷனுக்கு இருபது நாள் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அக்கா, அந்த வழுக்கை யாரு?"

"கதைக்காக வச்சேன்டி."

"யாருக்குப் பதிலா வச்ச?"

நான் தண்ணீர் குடித்தேன்.

"பையில தையல் கோணிப் போச்சுன்னா என்ன பண்ணுவ?"

"பிரிச்சுத் தைப்பேன்."

"அப்ப பிரி."

பிரித்துக்கொண்டிருக்கிறேன். ஊசி போன ஓட்டைகள் ஆங்காங்கே தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள், என் கண்ணுகளா.

2

தொடக்கம் ஒன்று: "கல்லும் கரையும் காலத்தில் ஒரு பெண்—"

இல்லை. இப்படி ஆரம்பித்தால் முதலில் அவள்தான் எழுந்து போவாள்.

தொடக்கம் இரண்டு: "நுரையீரல் என்பது நெஞ்சுக்கூட்டின் இரண்டு பக்கமும் அமைந்துள்ள—"

உங்கள் எல்லோரிடமும் இருக்கிறது. நான் எதற்கு விவரிக்க வேண்டும்?

தொடக்கம் மூன்று: "பாவம், என் தங்கை."

[தங்கை பென்சிலால் எழுதியது: யாரு பாவம்? உன் தலை.]

இதுதான் எங்கள் ஏற்பாடு. நான் எழுத எழுத அவள் படிப்பாள். பிடிக்காத இடத்தில் பென்சிலை வைப்பாள். அவள் எழுதியதை நான் அழிக்கக்கூடாது. 'பாவம்' என்ற சொல் மேற்கொண்டு வரக்கூடாது. எனக்கும் அதில் கஷ்டம் இல்லை. அவளைப் பற்றி வாயைத் திறந்தாலே எனக்குப் பெருமைதான் முந்திக்கொண்டு வரும்.

அவள் கல் பட்டறையில் மெருகு போடுகிறவள். பட்டறையில் அவள் பெயர் மெருகக்கா. வயது ஐம்பத்தெட்டு. அதில் இருபத்தேழு வருடம் ஈரக் கல்லின் மேல் குனிந்து போனது. சமையலறை மேடை, அலுவலகத் தரை, மாடிப்படி என்று அறுத்து வருகிற பலகைக் கல்லெல்லாம் கடைசியில் அவளிடம்தான் வரும். சொரசொரப்பான வட்டில் ஆரம்பித்து, படிப்படியாக மிருதுவான வட்டுக்கு வந்து, தண்ணீர் விட்டுத் தேய்த்துத் தேய்த்து, கல்லில் விட்டத்து விளக்கு தெரிய வேண்டும். விளக்கு தெரிந்தால் போதாது, அவளுக்கு விளக்கின் கம்பி தெரிய வேண்டும்.

எங்கள் தபால் நிலையத்தின் நீளக் கல்மேடை அவள் கைவேலை. தபால்தலை வாங்குகிறவளைப் போலப் போய் அதைத் தடவிவிட்டு வருவேன். பின்னால் நிற்பவரிடம், "என் தங்கை போட்ட மெருகு" என்பேன். கேட்டவரிடமும் சொல்வேன், கேட்காதவரிடமும் சொல்வேன்.

[எல்லார் முன்னாடியும் மானத்தை வாங்குவா. ஆனா மேடை நல்லாத்தான் இருக்கும்.]

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். அவள் வேலை ஈர வேலை. அதில் தூசி பறக்காது. அவளுக்கு ஆறடி தள்ளிக் காய்ந்த கல்லைக் காய்ந்தபடியே அறுக்கும் கட்டர் நின்றது. அதன் தூசிதான் மாவு போல அவள் இமையில் உட்கார்ந்தது. இமையில் உட்கார்ந்தது கண்ணுக்குத் தெரிந்தது. உள்ளே போனது தெரியவில்லை.

3

ஒன்பது வருடத்துக்கு முன்னால் மாடி ஏறும்போது அவளுக்கு மூச்சு வாங்கியது. நெஞ்சு ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். கல்தூசி நுரையீரலில் தங்கித் தழும்பு கட்டியிருக்கிறது, வந்த தழும்பு போகாது, மேற்கொண்டு ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். முகமூடி போடச் சொன்னார்கள், போட்டாள். வேலையை விடச் சொன்னார்கள், விடவில்லை. "படத்தைப் பத்திரமா வச்சிருங்க. அடுத்த தடவை ஒப்பிட்டுப் பாக்க இதுதான் வேணும்" என்று உறையில் போட்டுக் கொடுத்தார்கள்.

பத்திரமாகத்தான் வைத்திருந்தேன். இரண்டு வருடம்.

பை தைக்கிறவர்களுக்கு மட்டும் புரிகிற ஒரு விஷயம் சொல்கிறேன். ஒரே அளவில் நானூறு பாக்கெட் வெட்ட வேண்டுமென்றால் ஒரு மாதிரி அட்டை வேண்டும். அதைத் துணிமேல் வைத்து சாக்பீஸால் சுற்றி வரைந்து வெட்டுவோம். காகித அட்டை ஐம்பதாவது பாக்கெட்டில் முனை மழுங்கிவிடும். தகரம் கையைக் கிழிக்கும். எக்ஸ்ரே படத்தைப் போல வாகான பொருள் உலகத்தில் இல்லை. மடங்காது, பிரியாது, சாக்பீஸ் வழுக்கிக்கொண்டு ஓடும்.*

நானூறு பைக்கு ஆர்டர் வந்தது. கையில் அட்டை இல்லை. படுக்கைக்கு அடியில் படம் இருந்தது. முன்பாக்கெட் அளவுக்கு, கீழ் முனைகளை வளைத்து, வெட்டினேன். மிச்சம் குப்பைக்குப் போனது.

* பெருமையா வெட்கமா என்று தெரியாத ஒரு கணக்கு: ஏழு வருடத்தில் பல ஆயிரம் பிள்ளைகள் என் தங்கையின் வலது நுரையீரல் அளவில் ஒரு பாக்கெட்டை முதுகில் சுமந்து பள்ளிக்குப் போயிருக்கிறார்கள்.

[இதை அடிக்காத. எனக்குப் பிடிச்சிருக்கு.]

4

இந்தக் கதையில் எனக்கு நம்பிக்கை வராத பாத்திரம் ஒன்று உண்டு. அக்கா.

முதல் பிரதியில் அவளை வெளியூருக்கு அனுப்பிப் பார்த்தேன். இரண்டாவது பிரதியில் அவளுக்குக் காது மந்தம் என்று வைத்தேன். மூன்றாவதில்தான் வழுக்கை டாக்டர் வந்து அவளைக் காப்பாற்றினார். இனி அவளுக்கு மறைவிடம் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

தங்கைக்கு இருமல் நிற்கவில்லை. புதுப் படம் எடுத்தோம். முடிவு வாங்கும் நாளில் அவளுக்கு ஒழியவில்லை. நீதிமன்றத்தின் நாற்பத்திரண்டு படிக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தாள். நான் போனேன்.

நெஞ்சு ஆஸ்பத்திரி டாக்டரம்மாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பேனா மூடியைக் கடித்துக் கடித்துத் தட்டையாக்கி வைத்திருப்பார். போன் மேஜை இழுப்பறைக்குள் இருந்தது. படத்தை விளக்குப் பலகையில் மாட்டிவிட்டு வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"பழைய படம் எங்கம்மா?"

"வீட்டுல இருக்கு." (இருந்தது.)

"எடுத்துட்டு வாங்க. இந்தத் தழும்புக்கு நடுவுல ஒரு புள்ளி தெரியுது. ஒன்பது வருஷத்துக்கு முன்னாடியும் இப்படியே இருந்துச்சுன்னா நிம்மதி. இல்லேன்னா புதுசு. எப்படியும் ஒரு மாசத்துக்குள்ள ஸ்கேன் எடுத்தாகணும். சீட்டு எழுதித் தர்றேன்."

"பழசாத்தான் இருக்கும் டாக்டரம்மா."

"இருக்கலாம். பாத்துட்டுச் சொல்வோம்."

வழியெல்லாம் நான் நினைத்தது தங்கையின் நெஞ்சைப் பற்றி அல்ல. படத்தை வெட்டியதை எப்படிச் சொல்வது என்பதைப் பற்றி. பழைய படத்தைக் கேட்பார்களே, அதைப் பாக்கெட் வெட்டினேன் என்று டாக்டரம்மா முன்னால் எப்படி நிற்பது என்பதைப் பற்றி. வீடு வருவதற்குள், புள்ளி பழசுதான் என்று நானே நம்பிவிட்டிருந்தேன். வெட்கம் வந்துவிட்டால் மனசு நமக்கு வேண்டியதை உடனே தைத்துக் கொடுத்துவிடும்.

இமை நரைத்து வந்தாள் தங்கை.

"என்ன சொன்னாங்க?"

"பழைய தழும்புதானாம்."

"அதான் எனக்குத் தெரியுமே" என்று சொல்லிக் கை கழுவப் போனாள். சீட்டு தையல் மெஷினின் இழுப்பறைக்குள், நூல் சுற்றிய பாபின்களுக்கு அடியில் போனது.

ஒரு பலகையில் கோடு இருந்தால் அது கல்லோடு பிறந்த ரேகையா, புது விரிசலா என்று பட்டறையில் சண்டை வரும். அறுத்தவன் சத்தியம் செய்வான், லாரிக்காரன் சத்தியம் செய்வான். மெருகக்கா யாரையும் நம்ப மாட்டாள். தண்ணீரை ஊற்றிவிட்டுக் காத்திருப்பாள். ரேகை கல்லோடு சேர்ந்து காயும். விரிசல் தண்ணீரைக் குடித்துக்கொண்டு கடைசி வரை கறுப்பாகவே கிடக்கும். ஒரு கல்லுக்குக்கூட ஆள் வார்த்தையை நம்பாதவள், தன் நெஞ்சுக்கு என் வார்த்தையை நம்பினாள்.

(இங்கே 'நுரையீரலும் கல்லைப் போலத்தான்' என்று ஒரு பத்தி எழுதி—)

[நெஞ்சு ஒண்ணும் கல் இல்ல. அடிச்சுடு.]

அடித்துவிட்டேன். இந்தப் பகுதியில் அவள் பென்சில் பட்ட இடம் இது ஒன்றுதான். அக்காவைப் பற்றி எழுதியதன் பக்கத்தில் அவள் எதுவும் எழுதவில்லை.

5

எட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, எனக்கு ஒத்தாசையாகத் துணி வரைய உட்கார்ந்தாள். மாதிரி அட்டையில் சாக்பீஸ் பொடி படிந்திருந்தது. ஈரத்துணியால் துடைத்தாள். துடைத்தால் பாதியில் விடுகிற கை இல்லையே. இரண்டு பக்கமும் பளபளவென்று ஆக்கி, சரியாக வந்திருக்கிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அக்கா, இதுல என்ன எலும்பு?"

"எந்த எலும்பு?"

"விலா எலும்பு. நாலு இருக்கு." திருப்பிப் பிடித்தாள். ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு, படத்தோடு அச்சான தேதி இருந்தது. "இது என் படம்."

நான் மெஷினை நிறுத்தவில்லை. நின்றால் பேச வேண்டியிருக்கும்.

"புது டாக்டரம்மா பழைய படத்தைக் கேக்கவே இல்லையா?"

மெஷினில் நூல் அறுந்தது. இழுப்பறையைத் திறந்து, பாபின்களைத் தள்ளி, சீட்டை எடுத்து அவள் மடியில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். வெட்டியதை, வெட்கத்தை, அந்த ஒரு வார்த்தையை.

சீட்டை இரண்டு தடவை படித்தாள்.

"எட்டு மாசம்" என்றாள். அதற்குமேல் அதைப் பற்றி அவள் இன்றுவரை... (இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். ஏன் என்று பின்னால் தெரியும்.)

கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு, என் பைகளில் ஒன்றை எடுத்து, அந்த அட்டையை அதன் முன்பாக்கெட்டில் செருகினாள். அச்சாகப் பொருந்தியது.

"நாளைக்குக் காலைல முதல் ஆளா அங்க நிக்கணும். நீயும் வர்ற."

"நான் எந்த முகத்தை வச்சுக்கிட்டு—"

"இருக்கிற முகத்தை வச்சுக்கிட்டு."

[இதுல அவ அழுததை விட்டுட்டா. நான்தான் அவளுக்கு டீ போட்டுக் குடுத்தேன்.]

6

டாக்டரம்மா பாக்கெட் வடிவத்திலிருந்த படத்தை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். வளைந்த முனைகளைப் பார்த்தார். பட்டை தைக்கிற இடத்துக்கு நான் போட்டிருந்த துளைகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"நிறையப் பேரு தொலைச்சுட்டு வருவாங்க. தைச்சுட்டு வந்தது நீங்கதாம்மா முதல்ல."

தங்கை சிரித்துவிட்டாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கும்வரை டாக்டரம்மா அவள் முதுகில் கை வைத்திருந்தார்.

பிறகு அந்தத் துண்டை விளக்குப் பலகையில், எட்டு மாதத்துக்கு முன் எடுத்த படத்துக்குப் பக்கத்தில், விலா எலும்பு விலா எலும்புக்கு நேராக வரும்படி மாட்டினார். நான் வெட்டியது வலது மேல்பக்கம். புள்ளி இருந்ததும் வலது மேல்பக்கம். புதுப் படத்தில் தழும்புக்கு நடுவே மிளகு அளவில் வெள்ளை. பழையதில் தழும்பு மட்டும்.

"சாக்பீஸ் பொடி ஏதாவது இதுல—"

"துடைச்சுட்டேன்" என்றாள் தங்கை. "நான் துடைச்சா இருக்காது."

"அப்ப இது புதுசு."

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துத் தங்கைக்கு நேராக உட்கார்ந்தார்.

"தழும்புங்கறது ஆறிப்போன புண்ணுதானே டாக்டரம்மா?" என்று தங்கை கேட்டாள். "ஆறினதுல எப்படி வரும்?"

"தோல்ல வெட்டுப் பட்டா ஒரு தடவை ஆறும், நின்னுடும். உங்களுக்கு அந்தத் தூசி உள்ளேயே உக்காந்திருக்கு. தினம் புண்ணு, தினம் அதை ஆத்தற வேலை. வளரு, வளரு, வளருன்னு இருபது வருஷமா அங்க உத்தரவு போயிட்டே இருக்கு. அதுல ஏதோ ஒரு செல்லு ஒரு நாள் 'நில்லு'ங்கறது காதுல விழாமப் போயிடலாம்."

"ஓவர்டைம் பாத்துப் பாத்து மூளை கெட்டவன் மாதிரி."

"அதே மாதிரி. ஆனா ஒண்ணு, எல்லாத் தழும்பும் இப்படி ஆகாது. நிறையப் பேருக்குத் தழும்பு கடைசி வரைக்கும் தழும்பாவே இருக்கும். கல்தூசித் தழும்பு, காசநோய் ஆறின தழும்பு, காரணமே தெரியாம வர்ற தழும்புன்னு பல விதம் இருக்கு. அவங்களுக்கெல்லாம் மத்தவங்களைவிட வாய்ப்பு கூடுதல், அவ்வளவுதான். சிகரெட்டும் சேந்தா இன்னும் கூடுதல். புதுசா ஏதாவது வந்தாலும் தழும்போட நிழல்லயே ஒளிஞ்சுக்கும். அதுக்குத்தான் பழைய படத்தைக் கேட்டு உயிரை வாங்கறோம்."

'உயிரை வாங்கறோம்' என்றதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். தங்கைதான் அவரைச் சமாதானப்படுத்தினாள்.

மூன்றாவது வரிசைப் பெண்ணே, உன் காதுக்காகத் திரும்பச் சொல்கிறேன். டாக்டர் இவர்தான்.

7

ஸ்கேன் எடுத்தார்கள். ஊசி போட்டுத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். புற்றுதான். புள்ளியைத் தாண்டி இன்னும் வெளியே போகவில்லை. என் எட்டு மாதத்துக்குப் பிறகும் போகவில்லை. இந்த வரியை மூன்று தடவை எழுதிப் பார்த்தேன், அடித்தல் திருத்தலுக்கு அச்சடிக்கிறவர் மன்னிக்கவும்.

வேறு நெஞ்சாக இருந்தால் உடனே கத்தி வைக்கலாம், இந்த நெஞ்சில் கத்தி பட்டால் சுற்றியுள்ள தழும்பே சீறிக்கொண்டு வரலாம் என்றார்கள். கதிர் பாய்ச்சினாலும் அந்தப் பயம் உண்டு. சும்மா விட்டால் புற்று வளரும். எவ்வளவு தாங்குவாள் என்று பார்க்க, விரலில் ஒரு கிளிப்பை மாட்டி ஆறு நிமிடம் நடைகூடத்தில் நடக்கச் சொன்னார்கள். நர்ஸ் பின்னாலேயே ஓடினாள். அவர்கள் நினைத்ததைவிட இரண்டு சுற்று அதிகம் நடந்துவிட்டு வந்து, மூச்சிரைக்க என் தங்கை சொன்ன முதல் வார்த்தை: "தரைக்கு யாரு மெருகு போட்டது? கேவலமா இருக்கு."

கத்திதான் என்று அவளே முடிவு செய்தாள். அரை நாள் ரயில் தூரத்தில் பெரிய ஆஸ்பத்திரி. தேதி வாங்கினாள். மறுநாள் பட்டறைக்குப் போனாள்.

அங்கே நடந்ததைச் சொல்லும்போது என் நெஞ்சு இரண்டு அங்குலம் விரியும். பட்டறையில் அவளைத் தவிர, முதலாளியையும் சேர்த்து, பதினோரு பேர். எல்லோரையும் கூப்பிட்டு, தன் ஸ்கேன் படத்தை ஜன்னலில் ஒட்டிக் காட்டினாள். பிறகு முதலாளியிடம் போனாள்.

"கட்டருக்குத் தண்ணிக் குழாய் வேணும். பதினோரு பேருக்கும் படம் எடுக்கணும். வாரத்துக்கு ரெண்டு பேரா, வேலை நேரத்துலயே அனுப்பணும்."

"மெருகக்கா, ஆர்டர் நிக்குதே."

"நிக்கட்டும். நானும் நிக்கறேன்."

மெஷினின் சுவிட்சை அணைத்துவிட்டு ஒரு பலகைமேல் உட்கார்ந்தாள். மெருகு போடாத கல்லை எவன் வாங்குவான்? முதல் நாள் எட்டுப் பலகை தேங்கியது. இரண்டாம் நாள் நடக்க இடமில்லை. மூன்றாம் நாள் லாரிக்காரன் வந்து முதலாளியைத் திட்டினான். நான்காம் நாள் கட்டருக்குத் தண்ணீர் வந்தது. வியாழக்கிழமைக்கு இரண்டு பேர் என்று பட்டியல் சுவரில் ஏறியது.

(இந்த முதலாளியை வழுக்கை ஆக்கிவிடலாமா என்று கை துறுதுறுத்தது. ஆக்கவில்லை. அவருக்கும் இருமல் உண்டு. பட்டியலில் நாலாவது ஆள் அவர்தான்.)

பத்துப் பேர் போய்விட்டு வந்தார்கள். இருவருக்குத் தழும்பு ஆரம்பம். வருடாவருடம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். போகாத பதினோராவது ஆள், கட்டரை ஓட்டுகிறவன். வேலை செய்யும்போது மெஷின் சத்தத்துக்கு மேல் சீட்டி அடிப்பான், அதனால் விசில் என்று பெயர். இப்போதெல்லாம் பாட்டு பாதியில் நின்றுவிடும், மூச்சு போதாமல். மூன்று வியாழக்கிழமையை மற்றவர்களுக்கு விட்டுக் கொடுத்துவிட்டான்.

[விசிலை நல்லா எழுது. அவன் நல்லவன். பயந்தாங்கொள்ளி, அவ்வளவுதான்.]

இதுதான் கடைசிப் பென்சில் குறிப்பு. மறுநாள் ஆபரேஷனுக்காக ரயில் ஏறினோம்.

8

முடிவு ஒன்று. மறுவாரம் கட்டிலில் எழுந்து உட்கார்கிறாள், முன்னைவிட இளைத்து, ஆனால்—

முடிவு இரண்டு. ஆபரேஷன் அறையின் கதவு திறந்தபோது நான் எழுந்திருக்கவில்லை, ஏனென்றால் வந்தவரின் நடையிலேயே—

இரண்டில் ஒன்று நடந்தது. எது என்று எனக்குத் தெரியும். நான் தனியாகத்தான் ஊர் திரும்பினேன்; அதை வைத்து எதையும் முடிவு கட்டாதீர்கள். பிழைத்தாலும் மூன்று மாதம் அந்த ஊரிலேயே, சித்தி மகள் வீட்டில் இருக்க வேண்டும் என்பது முன்பே பேசியது. பட்டறைக்கு அவள் இனி எப்படியும் வரமாட்டாள். கல்தூசிப் பக்கமே போகக்கூடாது என்றுவிட்டார்கள். அவள் போனும் என்னிடம்தான் இருக்கிறது. உள்ளே போவதற்கு முன்பே, கட்டிலில் உட்கார்ந்தபடி, எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்துவிட்டாள்.

"கதையோட முடிவை யாருக்கும் சொல்லாத."

"ஏன்டி, பத்துப் பேரும் தவிச்சுக்கிட்டு இருப்பாங்களே."

"போயிட்டு வந்த பத்துப் பேருக்கு, வாய் மூடிட்டு இருப்போம்னு சத்தியம் வாங்கிக்கிட்டுத் தனியாச் சொல்லு. விசிலுக்குச் சொல்லாத. நான் பொழச்சேன்னா, 'பாத்தியா, அக்காவுக்கே ஒண்ணும் ஆகல, நமக்கு என்ன'ன்னு படம் எடுக்கப் போகமாட்டான். செத்துப் போயிட்டேன்னா, 'போய்ப் பாத்தவங்க என்னத்தைக் கண்டாங்க'ன்னு போகமாட்டான். அவனுக்கு ரெண்டு பக்கமும் தப்பிச்சு ஓட வாசல். என் கதையை அவன் கையில சாக்காக் குடுத்துடாத."

கத்திக்குப் போகிற நேரத்தில் இதை யோசிக்கிறவளை நான் என்னவென்று சொல்வேன்? என் இடுப்பில் வளர்ந்தவள். எனக்குப் பாடம் எடுக்கிறாள்.

போன வியாழக்கிழமை முற்பகல் விசில் வந்தான். இரண்டு மாடிக்கு நான்கு இடத்தில் நின்றான், சத்தத்திலிருந்தே தெரிந்தது. கதவைத் திறந்தேன். நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

"அக்கா, மெருகக்கா எப்படி இருக்காங்க?"

"உள்ள வா. தண்ணி குடி. உன் முறை எப்போ?"

"அது... அடுத்த வாரம்."

"போன மாசமும் அடுத்த வாரம்தான்."

தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்தான்.

"பதினோரு வருஷம் பக்கத்துல நின்னு அறுத்திருக்கேங்க்கா. அவங்க நெஞ்சுல இருக்கிறது என் கட்டர் தூசிதானே. நல்லா இருக்காங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். அப்புறம் எனக்கு என்ன வந்தா என்ன."

என் கண்ணுகளா, அந்த ஒரு வார்த்தை என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேட்கிறவன் முகம் அப்படி. ஒருவரின் மனசு நிம்மதி அடையட்டும் என்று ஒரு வார்த்தை சொல்வது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியாதா?

"உன் தூசி அவ நெஞ்சுல இருக்கு. என் பொய்யும் அவ நெஞ்சுலதான் எட்டு மாசம் இருந்துச்சு" என்றேன். "நம்ம ரெண்டு பேரும் ஒரே வரிசைதான்டா. நானும் ஆஸ்பத்திரி வரைக்கும் இருக்கிற முகத்தோடதான் போனேன். நீயும் போயிட்டு வா. வந்தா சொல்றேன்."

"நல்ல சேதியா, கெட்ட சேதியான்னாவது—"

"தலை நிமிந்து சொல்ற சேதி. இப்போதைக்கு அவ்வளவுதான்."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். என் முகத்தில் எதையாவது படிக்கப் பார்த்தான். எழுபத்தொரு வயது முகத்தில் அவ்வளவு சீக்கிரம் படித்துவிட முடியாது.

"எத்தனை மணி வரைக்கும் பாப்பாங்க?"

"பன்னெண்டு வரைக்கும்."

இறங்கினான். நின்று, இறங்கி, நின்று. எங்கள் வாசலிலிருந்து இடது பக்கம் போனால் மேம்பாலத்து ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ், வலது பக்கம் போனால் பட்டறை. ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும். பார்த்தேன். அதையும் சொல்லப்போவதில்லை.

உங்களில் யாருக்காவது, உங்கள் வீட்டில் யாருக்காவது, நெஞ்சில் ஒரு பழைய தழும்பு இருந்தால், பன்னிரண்டுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. போய்விட்டு வாருங்கள். என் தங்கைக்கு என்ன ஆயிற்று என்று உங்களுக்கும் சொல்கிறேன்.